மரியாதை அளவு

1. ஒன்பதாம் படி

என் கடைக்குப் பதினெட்டுப் படி. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியை ஒட்டிய சந்தில், கீழே மளிகைக் கடை, மேலே நான். எல்லாம் மரப்படி. யார் ஏறி வருகிறார் என்று மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்லிவிடுவேன். வக்கீல் ஏறினால் ஒரு சத்தம், வாத்தியார் ஏறினால் ஒரு சத்தம். இந்தத் திறமை அந்த வட்டாரத்தில் வேறு எந்த டெய்லருக்கும் கிடையாது. இன்றைக்கும் சொல்வேன்.

எழுபதுகளின் தொடக்கம். பொங்கலுக்குப் பத்து நாள் இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்குக் கோயில் குளத்துப் பக்கமிருந்து ஒரு காற்று வரும். கம்பியில் தொங்கும் பேன்ட்டுகளை ஆட்டிவிட்டுப் போகும். ஆளில்லாத கால்கள் வரிசையாக நடப்பது போலிருக்கும். எதிரே கண்ணாடியில் அதே வரிசை மறுபக்கமாக நடக்கும். இஸ்திரிப் பெட்டியின் கரி வாசனையும் புதுத் துணியின் கஞ்சி வாசனையும் கலந்து எனக்கு ஒரு மயக்கம் வரும். கால் பாட்டுக்குப் பெடலை மிதித்துக்கொண்டிருக்கும், நான் எங்கேயோ இருப்பேன்.

அந்த மயக்கத்தில்தான் படிச் சத்தம் கேட்டது. குணசேகரன். பதினாறு வயசு, பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். தி.நகர் பாத்திரக்கடை அண்ணாச்சியின் ஒரே மகன். பாண்டி பஜாரில் இருபது டெய்லர் இருந்தும் அவர்களையெல்லாம் தாண்டி என்னிடம் வந்த குடும்பம். பையன் படித்த பள்ளிக்கூடமும் என் கடைக்குப் பக்கம்தான். ஏழு, எட்டு, ஒன்பது. சத்தம் நின்றது. ஒன்பதாம் படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு ஏறுவது அவன் வழக்கம். பத்தாம் படிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

என் மனைவி பட்டம்மாள் திரைக்கு அந்தப் பக்கம் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். "இன்னாய்யா, புள்ள நின்னுட்டான். போய்ப் பாரு" என்றாள்.

ஒன்பதாம் படியில் உட்கார்ந்து தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"இன்னா நைனா?"

"தலை வலிக்குது மாஸ்டர். பின்னாடி டம்டம்னு இடிக்குது. கொஞ்ச நேரத்துல சரியாயிடும். எப்பவும் வர்றதுதான்."

"எப்பவுமா?"

"அம்மாகிட்ட சொல்லாதீங்க. பெல்பாட்டம் ட்ரையல் பாக்கணும்."

அவன் அம்மா கீழே கறுப்புக் காரில் உட்கார்ந்திருந்தார். சொல்வதா வேண்டாமா என்று நான் யோசிக்க அவசியமே ஏற்படவில்லை. அவனைக் கைத்தாங்கலாக இறக்கியபோது அந்த அம்மா பார்த்துவிட்டார். மூன்று வீடு தள்ளி டாக்டர் கிளினிக். அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தோம்.

2. கத்திரித் தட்டு

மேலே போவதற்கு முன் என் கடையின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். தப்பு அதில்தான் இருக்கிறது.

நான் மூன்றாம் வகுப்புக்குப் போனவன், முடித்தவன் இல்லை. சைதாப்பேட்டையில் ஒரு கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது எண்ணெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தது இன்ச் டேப். அதனால் அறுபது வரைக்கும் தண்ணீர் பட்ட பாடு. அறுபதுக்கு மேல் டேப் கிடையாது, எனக்கும் பழக்கம் கிடையாது. இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இரண்டு கடையும் சொந்த வீடும் சம்பாதித்தேன் என்றால் அதற்குக் காரணம் என் கையும் என் வாயும்.

அளவெடுக்கும்போது மாஸ்டர் சத்தமாகச் சொல்வார், இன்னொருவர் நோட்டில் எழுதுவார். எல்லாக் கடையிலும் அப்படித்தான். என் கடையில் எழுதியது பட்டம்மாள். அவள் எட்டாவது படித்தவள். வயிறு பெருத்த வாடிக்கையாளர்கள் நாற்பத்திரண்டு என்ற எண்ணைக் காதால் கேட்டால் முகம் சுண்டிப்போகும். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். "இடுப்பு முப்பத்தெட்டு" என்று சத்தமாகச் சொல்வேன். சொல்லிவிட்டுக் கத்திரியால் மேசையில் நாலு தட்டு தட்டுவேன். ஒரு தட்டுக்கு ஒரு அங்குலம். பட்டம்மாள் கூட்டி நாற்பத்திரண்டு என்று எழுதிக்கொள்வாள். வாய் சொல்வது மரியாதை அளவு, நோட்டில் இருப்பது நிஜ அளவு. வந்தவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படியிறங்குவார். பேன்ட்டும் கச்சிதமாக இருக்கும். என் கடையில் தைத்தால் ஆள் இளைத்துவிடுகிறார் என்று மாட வீதி நாலிலும் பேச்சு.

குணசேகரனுக்கும் அதே மரியாதையைச் செய்தேன். ஒன்பதாம் வகுப்பில் அரை டிராயரை விட்டு ஃபுல் பேன்ட்டுக்கு வந்தபோது அவனுக்கு நிஜமாகவே முப்பது. அப்போது படியைக் குதித்துக் குதித்து ஏறுவான். அடுத்த ஜூனில் டேப் முப்பத்துநாலு காட்டியது. பையன்கள் அவனைக் கொழுக்கட்டை என்று கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், ஜன்னலுக்குக் கீழேயே கத்துவார்கள். பாவமாக இருந்தது. "இடுப்பு முப்பது" என்றேன். நாலு தட்டு.

அன்றைக்கு அவன் போன பிறகு பட்டம்மாள் கேட்டாள். "அந்தக் கெழவனுங்களுக்குத் தட்டுற, சரி. வளர்ற புள்ளைக்கு எதுக்குய்யா?"

"மனசு நோவக் கூடாதுல்ல?"

"யாரு மனசு? ஒனக்கு நல்லவன்னு பேர் வேணும்" என்றாள். நான் பெடலை வேகமாக மிதித்தேன். மெஷின் சத்தத்தில் எதுவும் காதில் விழாது.

3. உள்ளே விட்ட துணி

வளரும் பிள்ளைகளின் பேன்ட்டுக்குப் பின் தையலில் இரண்டு அங்குலம் உள்ளே விட்டுத் தைப்போம். பிள்ளை வளர வளரப் பிரித்து விடலாம். புதுத் துணி வாங்கும் செலவு மிச்சம்.

குணசேகரனின் அம்மா டிரைவர் கோதண்டத்திடம் பழைய பேன்ட்டுகளைக் கொடுத்தனுப்புவார். சில நாள் தானே வருவார். ஏறமாட்டார். கீழே காரிலிருந்தபடி என்னை வரவழைத்துப் பேசுவார்.

"மாஸ்டரே, லேசாப் பிரிச்சு விட்டிருங்க. பிள்ளைட்ட சொல்லிராதீங்க. சொன்னா சோறு திங்க மாட்டான், வாடிப் போயிருவான்."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேம்மா."

"ரத்த ஓட்டமா, செழிப்பா இருக்கான்லா? ஊர்க்கண்ணுதான் ஆவாது."

பிரித்தால் பழைய தையல் இருந்த இடத்தில் ஒரு கோடு தெரியும். நிறம் அங்கே மட்டும் வெளுக்காமல் இருக்கும். மற்ற டெய்லர்கள் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். நான் ஈரத்துணி போட்டு, கரிப்பெட்டியை வைத்து வைத்து எடுத்து, அந்தக் கோட்டைக் காணாமலே அடித்துவிடுவேன். ஆவி எழும்பும், அது கலையும்போது பேன்ட் புதுசாகக் கிடக்கும். இரண்டு அங்குலமும் தீர்ந்த பிறகு, பெல்ட் மறைக்கும் இடத்தில் முக்கோணமாக ஒரு துண்டு சொருகினேன். அந்தச் சொருகலை இன்னொரு டெய்லரே கண்டுபிடிக்க முடியாது. பையன் தன் உடம்பு பெருத்ததே தெரியாமல் இரண்டு வருஷம் அந்தப் பேன்ட்டுகளுக்குள் தூங்கினான் என்றுதான் சொல்ல வேண்டும். தூங்க வைத்தது என் கை.

சில மத்தியானங்களில் மெஷின்மேல் தலைசாய்த்துக் கண்ணயர்வேன். ஒரு முறை கனவு வந்தது. ஒரு தையலைப் பிரிக்கிறேன். உள்ளே விட்ட துணி வந்துகொண்டே இருக்கிறது. மேசை நிறைந்து, படியில் வழிந்து, குளத்தில் போய் விழுந்து மிதக்கிறது. நான் இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறேன். எழுந்து தண்ணீர் குடித்தேன். அர்த்தம் ஒன்றும் தோன்றவில்லை, அன்றைக்கு.

4. டாக்டர் கேட்ட உறை

டாக்டர் அந்தத் தெருவிலேயே மூன்று தலைமுறையாக இருக்கிறவர். என்னிடம்தான் பேன்ட் தைப்பார். முப்பத்தெட்டு, இரண்டு தட்டு. குணசேகரனின் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். ஒரு சுற்று வந்து, செருகுவதற்கு வால் மிஞ்சவில்லை. விட்ட கையோடு அவிழ்ந்து விழுந்தது.

"பட்டை எட்டலை பாருங்கோ. இழுத்துப் பிடிச்சுண்டு பார்த்தா உள்ளதைவிட ஜாஸ்தியாக் காட்டும். அதை நம்பி ஒண்ணும் சொல்லப்படாது" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "ஓய் மாஸ்டர், தொடையில கட்டற பெரிய ரப்பர் பை ஒண்ணு என்கிட்ட இருக்கு. அதோட உறையை எலி கடிச்சுடுத்து. நீர் ஒண்ணு தெச்சுக் கொண்டு வந்தேர்னா இவனுக்குச் சரியாப் பார்த்துடலாம்."

இந்த மயிலாப்பூரில் டாக்டருக்கு ஆயுதம் தைத்துக் கொடுத்த டெய்லர் நான் ஒருவன்தான். வெள்ளை டிரில் துணி எடுத்தேன். இழுத்தால் நீளக் கூடாது, அதுதான் முக்கியம். இரட்டைத் தையல். வாலை நீளமாக விட்டேன். இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். தைக்கும்போது அந்த அகலத்தைப் பார்த்துக் கொஞ்சம் கலங்கினேன். ஒரு சின்னப் பையனின் கைக்கு, பெரிய ஆள் தொடைக்கு வேண்டிய துணி.

மூன்றாம் நாள் சாயங்காலம் உறையைக் கொண்டுபோனேன். பையனும் அம்மாவும் வந்திருந்தார்கள். டாக்டர் ரப்பர் பையை உள்ளே நுழைத்து, கையில் சுற்றி, வாலைச் செருகினார். பந்தை அமுக்கினார். கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறியது. நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபதைத் தாண்டியது. எனக்குத் தெரிந்த எண்ணெல்லாம் முடிந்தது, அது ஏறிக்கொண்டே போனது. அப்புறம் மெதுவாக இறங்க விட்டார். இரண்டாம் தடவையும் பார்த்தார்.

"நூத்தம்பது. கீழ எண் நூறுக்குக் கொஞ்சம் குறைச்சல். பதினாறு வயசுல இது வரப்படாது" என்றார். "எடை ரெண்டு மூணு வருஷத்துல ஏறித்தா?"

"இல்லியே டாக்டரே. சின்னதுலேர்ந்தே பூசுனாப்புலதான் இருப்பான்" என்றார் அந்த அம்மா.

பையன் சொன்னான். "இடுப்பு ரெண்டு வருஷமா முப்பதுதான் சார். ஒம்பதாம் கிளாஸ் பேன்ட்தான் இன்னும் போடறேன். மாஸ்டரையே கேளுங்க."

டாக்டர் பேனாவை மூடினார். "உடம்பு ஏறாம பிரஷர் மட்டும் ஏறியிருந்தா விஷயம் வேற. கிட்னியில ஏதாவது கோளாறான்னு பார்த்தாகணும். பெரிய ஆஸ்பத்திரியில படுக்க வெச்சு, ஊசி போட்டு, படம் பிடிச்சு, எல்லாம் பண்ணச் சொல்லி எழுதறேன். பரீட்சை இந்த வருஷம் போனாப் போறது."

அந்த அம்மாவின் முகம் வெளுத்தது. பையன் தன் கையில் இருந்த வெள்ளைப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் எழுதப் போகிறார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்கிறாரா, சொல்லு என்கிறாரா, எனக்குப் புரியவில்லை. எனக்கு என் கவலை. முப்பது பொய் என்றால் வக்கீலின் முப்பத்தெட்டும் பொய், டாக்டரின் முப்பத்தெட்டும் பொய். மாட வீதி நாலிலும் என் பெயர் என்ன ஆகும்?

வாசல் பக்கம் ஒரு நிழல் விழுந்தது. பட்டம்மாள் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் அளவு நோட்டு. நான் கூப்பிடவில்லை, அவளாக வந்திருந்தாள்.

"சார், எழுதாதீங்க" என்றேன். "முப்பது இல்ல. முப்பத்தாறு."

5. தாளம்

டாக்டர் நோட்டைப் புரட்டினார். ஒன்பதாம் வகுப்பு ஜூன், இடுப்பு முப்பது, கால் உயரம் முப்பத்தெட்டு. அடுத்த ஜூன் முப்பத்துநாலு. நடுவில் நான் பிரித்துவிட்ட ஒவ்வொரு தடவையும் பட்டம்மாள் எழுதி வைத்திருந்தாள். பொங்கல் பெல்பாட்டத்துக்கு முப்பத்தாறு. கால் உயரம் மட்டும் அரை அங்குலம்தான் கூடியிருந்தது.

"ஓய், என்னோட நோட்டுல இவ்வளவு விவரம் இல்லை" என்றார் டாக்டர். அது பாராட்டுதான், நான் அதை வாங்கிக்கொள்ளும் நிலையில் இல்லை. "ரெண்டு வருஷத்துல ஆறு அங்குலம். அப்போ கதை வேற. அம்மா, ஒன்பதாம் கிளாஸ்ல உங்காத்துல என்ன மாறித்து?"

அந்த அம்மா யோசித்து யோசித்துச் சொன்னார். எதிர் வீட்டுப் பையன் சைக்கிளிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். பயந்துபோய் இவன் சைக்கிளைக் கயிறு கட்டி ஷெட்டில் தூக்கி மாட்டிவிட்டார்கள். அப்புறம் கார் வாங்கினார்கள். சாயங்காலம் டியூஷன் வாத்தியார் வீட்டுக்கே வந்தார். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு கடையில் மெத்தையில் உட்காருவான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை என்று அப்பளமும் வடகமும் மோர் மிளகாயும் தட்டில் குறையாமல் பார்த்துக்கொண்டார்.

"எந்திரிச்சு ஒரு செம்புத் தண்ணி கூட அவன் எடுத்ததில்ல டாக்டரே. நான்தான்…" என்று நிறுத்திக்கொண்டார்.

"மூத்திரம் மட்டும் பார்த்துடலாம். அது சுத்தமா இருந்தா ஆஸ்பத்திரி இப்போ வேண்டாம். மாத்திரையும் வேண்டாம். உப்பைக் குறையுங்கோ, பையனை நடக்க விடுங்கோ. மாசா மாசம் வரட்டும்" என்றார் டாக்டர்.

குணசேகரன் எழுந்து வந்தான். என் கழுத்தில் கிடந்த டேப்பை உருவினான். சட்டையைத் தூக்கித் தன் இடுப்பைச் சுற்றினான். குனிந்து பார்த்தான். அவன் வயிறே எண்ணை மறைத்தது. பக்கவாட்டில் திருப்பிப் படித்தான்.

"முப்பத்தாறே கால்" என்றான். டேப்பை என்னிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "அளவு சொல்லிட்டு டக் டக்குன்னு தட்டுவீங்களே, அதுவா?"

"ஆமா நைனா."

"நீங்க தாளம் போடறீங்கன்னு நெனச்சேன் மாஸ்டர்."

எத்தனையோ பேர் என்னிடம் சத்தம் போட்டிருக்கிறார்கள். துணியை முகத்தில் விட்டெறிந்தவர்களும் உண்டு. இந்த ஒரு வார்த்தை போல எதுவும் என்னைக் குத்தியதில்லை.

6. காலித் தேர்

மூத்திரத்தில் கோளாறு இல்லை என்று கோதண்டம் வந்து சொன்னான். பையன் பத்து நாள் வரவில்லை. பதினோராம் நாள் வந்தான். ஒன்பதாம் படியில் நின்று, பிறகு ஏறினான். தயாராக இருந்த பெல்பாட்டத்தை எடுத்து உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"இந்த ரெண்டு இன்ச்சை வெட்டிடுங்க மாஸ்டர்."

"வளர்ற புள்ள, நைனா. உள்ள துணி இல்லாம எந்த டெய்லரும் குடுக்க மாட்டான்."

"அதான் வெட்டச் சொல்றேன்."

உள்ளே விட்ட துணியை வெட்டுவது எங்கள் தொழிலில் பாவம் மாதிரி. கத்திரி அன்றைக்குக் கனத்தது. வெட்டினேன். கறுப்பாக இரண்டு நாடா தரையில் சுருண்டு விழுந்தது.

அன்று முதல் பள்ளிக்கூடம் விட்டதும் அவன் குளத்தைச் சுற்றி நடந்தான். மாட வீதி நாலும் ஒரு சுற்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று. பையன் மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று அந்த அம்மா காரைப் பின்னாலேயே ஓட்டச் சொன்னார். அந்தக் காட்சியை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். வெயில் சாய்ந்து குளத்துத் தண்ணீர் செம்பு நிறமாகிவிடும். பூக்கடைக்காரர்கள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஈர வாசனைக்குள் குண்டுப் பையன் ஒருவன் அசைந்து அசைந்து வருவான். பத்தடி பின்னால் கறுப்புக் கார், சத்தமே இல்லாமல் ஊர்ந்து வரும். ஜனங்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். கனவில் நடக்கிற ஊர்வலம் மாதிரி இருக்கும். கொழுக்கட்டை என்று கத்திய பையன்கள்கூட அதைப் பார்த்து வாயடைத்து நிற்பார்கள்.

ஒரு நாள் காருக்குள் அந்த அம்மாவைக் காணவில்லை. பார்த்தால் மகனுக்குப் பக்கத்தில் நடந்து வருகிறார், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. கோதண்டம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி எனக்குக் குரல் கொடுத்தான்.

"பாத்தியா மாஸ்டர், சாமி முன்னால நடந்து போய்க்கினு கீது, தேரு காலியா பின்னால வருது."

நான் அந்தக் கத்திரித் தட்டை நிறுத்திவிட்டேன். டேப் என்ன சொல்கிறதோ அதை வாயும் சொன்னது. அக்கம்பக்கம் கேட்காமல் மெதுவாகச் சொன்னேன், அவ்வளவுதான் மரியாதை. வக்கீல் நாற்பத்திரண்டைக் கேட்டுவிட்டு ஆறு மாசம் வேறு கடைக்குப் போனார். திரும்பி வந்தார். நல்ல தையலுக்கு எங்கே போவார்? டாக்டர் தன் நாற்பதைக் கேட்டுச் சிரித்தார். அடுத்த வாரம் குளத்தைச் சுற்றி அவரும் நடக்கிறார். சில வருஷம் கழித்து மெஷினுக்குக் கரன்ட் மோட்டார் வைத்தேன். பெடல் மிதிக்கும் வேலை போனது, எனக்கும் தொந்தி வந்தது. பட்டம்மாள் என்னை நிறுத்தி அளந்து, கீழே மளிகைக் கடைக்குக் கேட்கிற மாதிரி எண்ணைச் சொன்னாள். அவளுக்கு மெதுவாகச் சொல்லும் பழக்கம் கிடையாது.

தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். துணியில் எவ்வளவு வேண்டுமானாலும் வித்தை காட்டுங்கள். எண்ணில் காட்டாதீர்கள். நம் டேப் சொல்வதை வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. பிள்ளையைப் பெற்றவர்களுக்குத் தெரிவதற்கு முன்பே அது நமக்குத்தான் தெரியும்.

அந்த வருஷம் ஜூன் மாதம், மத்தியானம் மூன்று மணி. காற்று வந்து பேன்ட்டுகளை ஆட்டிவிட்டுப் போனது. படியில் சத்தம். ஏழு, எட்டு, ஒன்பது. என் கால் பெடலில் நின்றுவிட்டது. பத்து. பதினொன்று. பதினெட்டும் ஏறி வந்து என் முன்னால் நின்றான். பரீட்சையில் பாஸ். டாக்டர் கடைசியாகப் பார்த்தபோது நூற்றுமுப்பதுக்குக் கீழே வந்துவிட்டதாம். இன்னும் வரச் சொல்லியிருக்கிறாராம். காலேஜுக்குப் பேன்ட் வேண்டும் என்றான்.

கண்ணாடி முன் நிறுத்தி டேப்பைச் சுற்றினேன்.

"இடுப்பு முப்பத்துமூணே கால்" என்றேன்.

திரைக்கு அந்தப் பக்கம் பேனா நின்றது. பையன் மேசையைப் பார்த்தான். கத்திரி மேசையில்தான் கிடந்தது. கண்ணாடிக்குள்ளும் ஒரு கத்திரி கிடந்தது. இரண்டையும் நான் தொடவில்லை. காற்று இன்னொரு தடவை வந்து போனது.

"தட்டலையா மாஸ்டர்?" என்றான்.

"இல்ல நைனா. அவ்ளோதான்."

பட்டம்மாள் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.